மடைக்கல், மறுகால், கரம்பைக் குழி: நாங்குநேரிப் பக்கத்துக் குளமொன்றில் போட்டோகிராமெட்ரி

நாங்குநேரி வட்டாரத்தில் வடகிழக்குப் பருவமழையை மட்டுமே நம்பியிருக்கும் ஒரு குளத்தில், 2023 கோடை தொடங்கி 2024 கோடை முடிய, ஒளிப்படங்களைக் கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை தேடினோம். மடையருகே நிற்கும் தேய்ந்த கல்லில் என்ன எழுதியிருக்கிறது? குளம் நிறைந்ததும் மிகுநீர் வழிந்து வெளியேறும் மறுகாலின் சுவர் டிசம்பர் வெள்ளத்தில் அசைந்ததா? குளத்தின் உட்பகுதியான உள்வாயில் வெட்டி எடுத்த கரம்பை, அதாவது வண்டல் மண், எத்தனை யூனிட்? அந்த வேலையின் விவரத்தை இங்கே எழுதுகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. மண் கணக்கில் மோதிக்கொண்ட இரு தரப்பாரும் இன்றும் ஒரே மடைத் தண்ணீரில் பிசானப் பருவ நெல் பயிரிடுகிறவர்கள்.

மூன்று கேள்விகளில் எதற்கும் நிலப்படம் தேவைப்படவில்லை. போட்டோகிராமெட்ரி, அதாவது ஒளிப்படங்களிலிருந்து அளவு எடுக்கும் முறை, என்றாலே வானத்திலிருந்து ஊரைப் படம் பிடித்து வரைபடம் போடுவது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு கட்டடக் கலைஞர். ஆல்பிரெக்ட் மெய்டன்பவர் என்ற அந்த ஜெர்மானியர் 1858இல் வெட்ஸ்லார் நகரத்துப் பேராலயத்தை அளக்க ஏறியபோது உயரத்திலிருந்து விழப் பார்த்தார். சுவரில் தொற்றிக்கொண்டு அளப்பதைவிடப் படத்திலேயே அளந்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது அதன் பிறகுதான். 1885இல் பெர்லினில் அவர் பொறுப்பில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் தொடங்கியது. அங்கே கட்டடங்களின் படங்கள் கண்ணாடித் தகடுகளாக ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. இரண்டாம் உலகப் போரில் சிதைந்த கட்டடங்கள் சிலவற்றை மீண்டும் எழுப்பியபோது, அந்தத் தகடுகளிலிருந்து அளவு எடுத்தார்கள். தகடுகளை எடுத்த காலத்தில் அந்தப் போரை யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

எங்கள் குளத்திலும் ஒரு கேள்விக்காக எடுத்த படங்கள் வேறொரு கேள்விக்கு விடை தந்தன. அதற்குக் காரணம் கேமராவோ மென்பொருளோ என்று நான் சொல்லமாட்டேன். பாறையில் அடித்து வைத்த ஆறு எஃகு ஆணிகளும், அவற்றுக்கிடையே டேப் பிடித்து ஒரு நோட்டில் எழுதி வைத்த நீளங்களும்தான் காரணம். படம் எடுக்க இன்று யாராலும் முடியும். அந்தப் படத்தை அளவாக மாற்றுவது இந்த ஆணிகள். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான்.

முறை, சுருக்கமாக

ஒரே புள்ளியை இரண்டு வெவ்வேறு இடங்களில் நின்று படம் பிடித்தால், ஒவ்வொரு கேமராவிலிருந்தும் அந்தப் புள்ளியை நோக்கி ஒரு கோடு போடலாம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே அந்தப் புள்ளி நிற்கும் இடம். மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் அடையாளம் காணத்தக்க புள்ளிகளை ஆயிரக்கணக்கில் பொறுக்கி, அவற்றை மற்றப் படங்களில் தேடிப் பொருத்துகிறது. கேமரா எங்கே நின்றது, லென்ஸ் எவ்வளவு வளைக்கிறது, புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்ற மூன்றையும் ஒரே கணக்கில் தீர்க்கிறது. பிறகு கோடிக்கணக்கான புள்ளிகளைக் கொண்ட திரளாக அந்தப் பரப்பை நிரப்புகிறது.

இது சரியாக நடக்க, அடுத்தடுத்த படங்களில் 70 முதல் 80 விழுக்காடு ஒரே காட்சி இருக்க வேண்டும். ஜூமைத் தொடக்கூடாது. ஒரே இடத்தில் நின்று கேமராவை மட்டும் திருப்பினால் பயனில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கால் நகர வேண்டும். எங்களோடு வந்த கல்லூரி மாணவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தியைப் பழக்குவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. நின்ற இடத்திலிருந்து சுற்றிலும் எடுக்கும் பழக்கம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

படங்களை மட்டும் கொடுத்தால் மென்பொருள் முப்பரிமாண உருவத்தைத் தரும், அளவைத் தராது. கைப்பெட்டி அளவு கல்லா, கோபுர அளவு கல்லா என்பது அதற்குத் தெரியாது. எது மேல், எது கீழ் என்பதும் தெரியாது. அவற்றை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

ட்ரோன் இல்லாமல்

நாங்குநேரி, ராதாபுரம் வட்டாரங்களில் ட்ரோன் பறக்கவிடுவதற்கு முன்பு நன்றாக யோசிக்க வேண்டும். விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளம், மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், கடற்கரையில் கூடங்குளம் அணுமின் நிலையம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, பறக்கக் கட்டுப்பாடுள்ள சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியின்றி எதையும் பறக்கவிட முடியாது. எடை 250 கிராமுக்குக் குறைந்தது என்பதால் இந்த விதி தளர்ந்துவிடாது. நாங்கள் அனுமதி கேட்டு அலையவில்லை. நீளும் அலுமினியக் கம்பின் நுனியில் செல்போனைக் கட்டினோம். 7 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பிக்சல் தரையில் சில மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது. 100 மீட்டர் உயரத்தில் பறக்கும் வழக்கமான சர்வே ட்ரோனில் அதே பிக்சல் 2.5 சென்டிமீட்டரைத் தாண்டும். சிறிய பரப்புக்குக் கம்பு போதும்; நடக்கத்தான் கால் வேண்டும்.

காற்றுதான் பெரிய தொல்லை. தென்மேற்குப் பருவம் தொடங்கிவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று இந்தப் பக்கம் முழுவதும் அடிக்கும். கம்பு ஆடுவதைக்கூடச் சமாளிக்கலாம், ஒவ்வொரு படத்துக்கும் நின்று எடுத்தால் சரியாகிவிடும். சீமைக் கருவேல மரத்தின் கிளை ஆடுவதை என்ன செய்வது? அசையும் இலையும் நிழலும் ஒவ்வொரு படத்தில் ஒவ்வோர் இடத்தில் இருக்கும், பொருத்தம் குலைந்துவிடும். அதனால் விடியற்காலையில் காற்று எழும்புவதற்கு முன்பே வேலையை முடித்தோம். செல்போனில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். படம் நடுங்காமலிருக்க லென்ஸையே அசைக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். லென்ஸ் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இடத்தில் இருந்தால் கணக்கு தடுமாறும்.

ஆணிகள்

குளத்துக் கரையின் ஒரு முனை கருங்கல் பாறையில் முட்டி நிற்கிறது. கரையின் மண் ஆண்டுக்கு ஆண்டு உட்காரும், பாறை உட்காராது. பாறையில் துளையிட்டு, தலை தட்டையான எஃகு ஆணிகளை எப்பாக்ஸிப் பசை வைத்து இறக்கினோம். மறுகாலின் இரு பக்கத்திலும் இருந்த பாறை முகடுகள் வசதியாகப் போயின. ஒவ்வோர் ஆணியிலிருந்தும் கண்ணுக்கு எட்டிய மற்ற ஆணிகளுக்கெல்லாம் எஃகு டேப் பிடித்து நீளம் எழுதினோம்.

டேப் பிடிப்பதையும் காலையிலேயே முடிக்க வேண்டும். 30 மீட்டர் எஃகு டேப் 15 டிகிரி வெப்பம் ஏறினால் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். சித்திரை வெயிலில் பாறை மேல் கிடந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த 15 டிகிரி பெரிய எண்ணாகத் தெரியாது. மறுகால் சுவர் சில மில்லிமீட்டர் அசைந்ததா என்று கேட்கப் போகிறவர்கள் அளவுகோலே 5 மில்லிமீட்டர் மாறுவதை விட்டுவிட முடியாது.

உயரத்துக்குக் கொத்தனாரின் டியூப் லெவல். தண்ணீர் நிரப்பிய அந்த நீண்ட குழாயில் காற்றுக் குமிழி இல்லையென்று உறுதி செய்துகொண்டால், 40 மீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஆணிகளின் உயர வேறுபாட்டைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் தந்துவிடும். செங்குத்துக்குத் தூக்குக்குண்டு. அதன் நூலையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டால், எது நேர் கீழ் என்பது உருவத்துக்குள்ளேயே பதிவாகிவிடும். இவ்வளவுக்கும் ஆன செலவு ஒரு நல்ல ட்ரோன் பேட்டரியின் விலைக்கும் குறைவு.

எழுதிய நீளங்கள் எல்லாவற்றையும் மென்பொருளுக்குக் கொடுக்கவில்லை. சிலவற்றை மறைத்து வைத்தோம். உரு கிடைத்த பிறகு மறைத்த நீளத்தை அதில் அளந்து, நோட்டில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டால்தான் அந்த உருவை எவ்வளவு நம்பலாம் என்பது தெரியும். மென்பொருள் தன் பிழையைத் தானே மதிப்பிட்டுக் காட்டும் எண் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அதை வைத்து ஒரு வழக்கில் பேசக்கூடாது.

மடைக்கல்

நாங்கள் அந்தக் குளத்துக்குப் போனதே இந்தக் கல்லுக்காகத்தான். மடையின் பக்கவாட்டில் இடுப்பளவு உயரத்தில் நிற்கிறது. மடை திறக்கும் நாளில் அதற்கு எண்ணெய் தேய்த்து மஞ்சள் பூசி விளக்கேற்றுகிறார்கள். எழுத்து இருக்கிறது என்று கை சொல்கிறது, கண்ணுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எங்களை அழைத்துப் போனார்.

வழக்கமாக மைப்படி எடுப்பார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, தாள் பள்ளங்களுக்குள் இறங்கிய பிறகு மேலே மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக நிற்கும். நல்ல கல்லில் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்கால் தாள் ஒட்டவில்லை. கீழ்ப்பகுதி செதில் செதிலாகப் பெயர்ந்துகொண்டிருந்தது, தட்டினால் இருக்கும் எழுத்தும் உதிர்ந்துவிடும். தொடாமல் படிக்க வேண்டிய கல்.

எண்ணெய் போட்டோகிராமெட்ரிக்கும் ஆகாது. மினுமினுப்பு கல்லில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. கேமரா நகர அதுவும் நகரும். மென்பொருள் அதையும் ஒரு புள்ளியென்று எடுத்துக்கொண்டு பொய்ப் பரப்பு ஒன்றைக் கட்டிவிடும். ஊர்க்காரர்களின் இசைவோடு வெந்நீரும் பருத்தித் துணியும் கொண்டு மேலாக ஒற்றி எடுத்தோம். தேய்க்கவில்லை. நேர் வெயில் விழாமல் இரண்டு பேர் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தார்கள். வேட்டியின் ஊடே வரும் மங்கலான வெளிச்சம் கல் முழுவதும் ஒரே சீராக இருந்தது. நிழல் வேண்டாமா என்று ஆசிரியர் கேட்டார். சாய்வான வெளிச்சத்தில் நிழலைப் பார்த்துப் படித்தே பழகியவர் அவர். நிழலைப் பிறகு கணினியில் நாமே உண்டாக்கிக்கொள்ளலாம், இப்போது வேண்டியது வடிவம் மட்டும்தான் என்று சொன்னோம்.

60 சென்டிமீட்டர் தூரம், 24 மில்லிமீட்டர் லென்ஸ். கணக்குப்படி ஒரு பிக்சல் கல்லில் 0.1 மில்லிமீட்டர். உளி இறங்கிய ஆழம் தேய்ந்து ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்துவிட்ட இடங்களில் இந்த அளவு நெருக்கம் இல்லாமல் எதுவும் தெரியாது. கல்லின் இரு பக்கமும் அளவு குறித்த இரண்டு உலோகச் சட்டங்களைச் சாய்த்து வைத்தோம்.

உரு கிடைத்ததும் நிறத்தை முழுவதுமாக நீக்கினோம். மஞ்சள் கறை, பாசி, எண்ணெய்க் கருமை எல்லாம் போய் வெறும் மேடு பள்ளம் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது. பிறகு கணினிக்குள் ஒரு விளக்கை வைத்து அதைக் கல்லைச் சுற்றி நகர்த்தினோம். இடப்பக்கத்து வெளிச்சத்தில் ஒரு வரி எழுந்தது, மேல் வெளிச்சத்தில் இன்னொரு வரி. எழுத்துகள் பிற்காலத்துத் தமிழ் எழுத்துகள். திருநெல்வேலிச் சீமையில் வழக்கமானபடி கொல்லம் ஆண்டில் தேதியிட்டிருந்தது. ஆயிரமும் பத்தும் தெளிவாக இருந்தன. அடுத்த எண் ௧ என்றும் படிக்கலாம், ௪ என்றும் படிக்கலாம். வலப்பக்கம் வளைந்து இறங்கும் கோடு இருந்தால் ௧, இல்லாவிட்டால் ௪. ஒரு கோடு இருக்கத்தான் செய்தது. அது உளி வெட்டியதா, கல்லின் விரிசலா?

இந்த இடத்தில்தான் உருவின் பயனை ஆசிரியர் முழுதாக ஏற்றுக்கொண்டார். அந்தக் கோட்டைக் குறுக்காக வெட்டி அதன் முகத்தைத் திரையில் பார்த்தோம். பக்கத்திலிருக்கும் ஐயமற்ற எழுத்துகளின் வெட்டுமுகம் அகலமாக, இரு பக்கமும் சரிந்து, தேய்ந்த பள்ளமாக இருந்தது. சந்தேகக் கோட்டின் முகம் குறுகலாக, ஒரு பக்கம் செங்குத்தாக, நாலு மடங்கு ஒடுங்கியிருந்தது. அதைத் தொடர்ந்து போனால் எழுத்தின் எல்லையைத் தாண்டி மேல் வரிக்குள்ளும் ஓடியது. எழுதியவன் உளி அப்படி ஓடாது. "கையால் தடவியபோது ஒன்று என்று சொன்னேன், நான்கு என்று திருத்திக்கொள்கிறேன்" என்றார் ஆசிரியர். கொல்லம் 1014, அதாவது கி.பி. 1838-39. மடையைச் செப்பனிட்ட செய்தி அது என்று மேல் வரியைக் கொண்டு சொல்ல முடிகிறது.

கீழே இரண்டு வரிகள் போய்விட்டன. செதில் பெயர்ந்த இடத்தில் பரப்பே புதியது. அங்கே எந்தக் கேமராவும் எழுத்தை வரவழைக்காது. அந்த இடத்தை ஊகித்து நிரப்பி அழகான படமாகக் காட்டும் மென்பொருள்கள் இப்போது வந்துவிட்டன. கல்வெட்டு வேலையில் அவற்றை அண்டவிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இல்லாத எழுத்தை இருப்பதாகக் காட்டும் ஒரு படம் போதும், அடுத்து வருபவர் நூறு ஆண்டு தவறான வழியில் போவார்.

இந்த முறை எல்லாச் சிற்பத்துக்கும் பொருந்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். கிருஷ்ணாபுரம் கோயில் தூண்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் வீரர்களின் கை இடுக்கு, ஆயுதத்துக்கும் உடலுக்கும் நடுவே உளி புகுந்து குடைந்த இடைவெளிகள் போன்றவற்றுக்குள் கேமரா நுழைய முடியாது. பார்க்காததை அளக்க முடியாது. அங்கே உருவில் ஓட்டைதான் விழும். ஆதிச்சநல்லூர் போன்ற அகழாய்வுக் களங்களில் இது வேறு வகையில் இன்றியமையாதது. தாழியை எடுத்துவிட்டால் அது கிடந்த கிடை போய்விடும். ஒவ்வொரு மண்ணடுக்கையும் நீக்கும் முன்பு படத் தொகுதியாக எடுத்து வைப்பது ஒன்றே அந்தக் கிடைக்குத் திரும்பிப் போகும் வழி.

மறுகால்

மடைக்கல் வேலையின்போதே மறுகாலையும் எடுத்து வைத்தோம். பாசன விவசாயிகள் சங்கத் தலைவர் கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. சுவரின் நடுப்பகுதியில் ஒரு விரிசல் கண்ணுக்குத் தெரிந்தது. அது புதிதா பழையதா என்று யாருக்கும் நிச்சயமில்லை. 3 மீட்டர் தூரத்திலிருந்து சுவரின் இரு முகங்களையும், தண்ணீர் விழும் கீழ்த்தளத்தையும், பக்கத்துப் பாறை ஆணிகளையும் ஒரே தொகுதியில் எடுத்தோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தச் சீமையில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானது. தாமிரபரணி கரை புரண்டது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோனது, எத்தனையோ குளங்கள் உடைந்தன. எங்கள் குளம் உடையவில்லை. மறுகால் மேல் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் போனதாகச் சொன்னார்கள். தண்ணீர் வடிந்ததும் ஊரில் ஒரே பேச்சு, விரிசல் அகன்றுவிட்டது என்பதுதான்.

தண்ணீர் முழுதும் வடிந்து கீழ்த்தளம் காயும்வரை காத்திருந்து, அதே ஆணிகளை வைத்துத் திரும்பவும் எடுத்தோம். இரண்டு உருக்களையும் கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினோம். பொருத்தும்போது சுவரைத் தொடவில்லை; பாறை ஆணிகளை மட்டும் கொண்டு பொருத்தினோம். சுவரோடு சுவரை ஒட்டிப் பொருத்தினால் சுவர் சாய்ந்திருந்தாலும் அது மறைந்துவிடும்.

மறைத்து வைத்த நீளங்களைக் கொண்டு பார்த்ததில், இரண்டு உருக்களுக்கும் இடையே 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை மாற்றம் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. சுவர் முழுவதிலும் வேறுபாடு அதற்குள்தான் இருந்தது. அசையவில்லை என்று நாங்கள் எழுதவில்லை. 5 மில்லிமீட்டருக்கு மேல் அசையவில்லை என்று எழுதினோம். இரண்டும் வேறு வேறு. விரிசல் அகலமாகத் தெரிந்ததற்குக் காரணம், அதன் வாயில் அடைத்திருந்த பழைய மண்ணையும் வேரையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. 2023 படங்களில் அந்த வேர்கள் ஒவ்வொன்றும் இருக்கின்றன. விரிசலின் இரு உதடுகளும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஆனால் இரண்டு உருக்களின் வேறுபாட்டை நிறத்தால் காட்டும் படத்தில் சுவருக்குக் கீழே ஒரு பட்டை அடர் சிவப்பாக நின்றது. தண்ணீர் விழும் கீழ்த்தளத்தின் வெளி விளிம்பில் கற்கள் பெயர்ந்து, அதற்கு அப்பால் மண் முழங்கால் ஆழத்துக்குப் போயிருந்தது. தளத்தின் அடியிலும் குடைந்திருந்தது. தளம் அடிப்பக்கம் குடைபட்டால் அடுத்த பெரிய வெள்ளத்தில் அது உடைந்து விழும். அதன் பிறகு சுவரின் காலடி அரிக்கத் தொடங்கும். அண்ணாச்சி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "விரிசலுக்குச் சிமென்ட் பூசச் சொல்லி மனுக் கொடுக்க இருந்தோம், தம்பி. இனி தளத்துக்குத்தான் கேட்க வேண்டும்." மனுவோடு அளவிட்ட வெட்டுமுகம் ஒன்றையும் இணைத்தார்கள். விரிசலின் குறுக்கே கொத்தனார் வழக்கப்படி தேதி எழுதிய ஒரு சிமென்ட் பட்டையும் போட்டு வைத்திருக்கிறோம். நாளைக்குச் சுவர் அசைந்தால் அது வெடிக்கும். படத்துக்கு எட்டாத நுணுக்கத்தை அந்தப் பட்டை காட்டும்.

கரம்பைக் குழி

குளத்து வண்டலை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். 2024 கோடையில் இந்தக் குளத்தின் உள்வாயில் ஒரு பகுதியை அதற்காக ஒதுக்கிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். ஏறத்தாழ 40 மீட்டருக்கு 30 மீட்டர். மறுகால் வேலையைப் பார்த்திருந்த சங்கத்தார், வெட்டத் தொடங்கும் முன்பே எங்களை வரச் சொன்னார்கள். அதைப் போலப் பயனுள்ள அழைப்பு வேறில்லை. வெட்டி எடுத்த பிறகு அழைத்திருந்தால், பழைய தரை எங்கே இருந்தது என்று ஊகிக்கத்தான் வேண்டியிருக்கும். வழக்கமாகக் குழிக்குள் ஆங்காங்கே சின்ன மண் திட்டுகளை வெட்டாமல் விட்டு, அவற்றின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். திட்டு எங்கே விடப்படுகிறதோ அதற்கேற்ப எண் மாறும் என்பது மண் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

வற்றிய குளத்தின் தரை இந்த முறைக்கென்றே அமைந்தது. சித்திரையில் களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். ஒரு பாளம் இன்னொன்றைப் போல இருக்காது. மென்பொருளுக்குப் பொருத்தப் புள்ளிகள் அள்ள அள்ளக் கிடைக்கும். ஈரம் மினுக்கும் சேறாக இருந்திருந்தால் எண்ணெய் பூசிய கல்லின் கதைதான். கம்பைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து 600க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தோம்.

இங்கே ஒரு நுட்பத்தை விரிவாகச் சொல்லியாக வேண்டும், கன அளவு காண நினைப்பவர்கள் பலர் இதில்தான் விழுகிறார்கள். எல்லாப் படங்களையும் நேர் கீழ் நோக்கியே எடுத்தால், லென்ஸின் வளைவை மென்பொருள் சற்றுத் தவறாகக் கணக்கிட்டாலும் அது எங்கும் முரணாகத் தெரியாது. பதிலாக, தட்டையான தரை முழுவதும் கவிழ்த்த தட்டு போல நடுவில் உப்பி வரும். பார்த்தால் தெரியாது. 40 மீட்டர் நீளத்தில் சராசரி 5 சென்டிமீட்டர் உப்பலை எந்தக் கண் பிடிக்கும்? ஆனால் 1,200 சதுர மீட்டரில் 5 சென்டிமீட்டர் என்பது 60 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக 21 யூனிட் மண், யாரும் வெட்டாமலே காணாமல் போயிருக்கும், அல்லது முளைத்திருக்கும். ஊர்க் கூட்டத்தில் ஒருவரைத் திருடன் என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

இதற்கு மருந்து இரண்டு. கேமராவை 20 டிகிரி போலச் சாய்த்து, குறுக்கு நெடுக்காக இன்னொரு தொகுதி எடுத்துச் சேர்ப்பது ஒன்று. பரப்பின் ஓரங்களில் மட்டுமல்லாமல் நடுவிலும் உயரம் தெரிந்த குறிகளை வைப்பது இன்னொன்று. நாங்கள் இரண்டையும் செய்தோம். நடுவில் வைத்த குறிகளுக்கு உயரம், பாறை ஆணியிலிருந்து டியூப் லெவல் பிடித்து வந்தது.

வெட்டி முடிந்ததும் குழியை எடுத்தோம். முந்தைய தரையிலிருந்து பிந்தைய தரையைக் கழித்தால் சுமார் 850 கன மீட்டர், அதாவது 300 யூனிட். ஏழெட்டு யூனிட் கூடக் குறைய இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்தோம். அனுமதியும் 300 யூனிட்தான். ஆனால் கரையில் உட்கார்ந்து டிராக்டர்களை எண்ணியவர்களின் நோட்டில் 370ஐத் தாண்டிய யூனிட் இருந்தது. நோட்டு பொய்யா, படம் பொய்யா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எண்ணியவர்கள் நேர்மையானவர்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துப் பொய்க் கணக்கு என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. டிராக்டர்காரர்களோ, குழியைக் காட்டி, இதற்கு மேல் எங்கே வெட்டினோம் என்று கேட்டார்கள்.

அங்கேயே குழிக் கரையில் ஒரு சோதனை செய்தோம். எல்லோர் முன்னிலையிலும், வெட்டாத தரையில் நான்கு பக்கமும் ஓரடி, ஆழம் ஓரடி என்று நேர்த்தியாக ஒரு குழி வெட்டி, அந்த மண் முழுவதையும் ஓரடிச் சதுரப் பெட்டி ஒன்றில் போட்டோம். மண் பெட்டி நிறைந்து குவிந்தது. குவிந்ததை வழித்து இன்னொரு பெட்டியில் போட்டுச் சமப்படுத்தினால் கால் பெட்டிக்கு வந்தது. ஒரு கன அடி மண் வெட்டிய பிறகு ஒன்றேகால் கன அடி. இறுகிக் கிடக்கும் களிமண்ணை உடைத்தால் கட்டிகளுக்கு நடுவே காற்று புகுந்து உப்பும். கால் பங்கு உப்புவது வழக்கமானதுதான். 300 யூனிட் குழி டிராக்டரில் ஏறும்போது 375 யூனிட் ஆகும். நோட்டும் சரி, படமும் சரி.

பிரச்சினை அனுமதிக் கடிதத்தில் இருந்தது. 300 யூனிட் என்று மட்டும் எழுதியிருந்தார்கள். தரையில் கிடக்கும்போதா, வண்டியில் ஏறிய பிறகா என்று இல்லை. இது ஒரு குளத்தின் சிக்கலாக எனக்குத் தோன்றவில்லை. மண் வேலை நடக்கும் இடத்திலெல்லாம் இந்த இரண்டு யூனிட்டும் ஒரே பெயரில் உலவுகின்றன. கல்குவாரிகளிலும் அப்படித்தான், பாறை உடைந்தால் மண்ணைவிட அதிகமாக உப்பும். அடுத்த அனுமதிக்கு மனு எழுதும்போது, குழியின் அளவே கணக்கு, வெட்டும் முன்பும் பின்பும் அளக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது.

எங்கள் படங்கள் எல்லாம் சுருக்கப்படாத மூலக் கோப்புகளாகச் சங்கத்திடம் ஒரு வன்தட்டிலும், ஆசிரியரிடம் இன்னொன்றிலும் இருக்கின்றன. முப்பரிமாண உருவைவிட மூலப் படங்களும் நீளம் எழுதிய நோட்டும்தான் பத்திரமாக இருக்க வேண்டியவை. மென்பொருள்கள் மாறும், படங்களிலிருந்து உருவை எப்போது வேண்டுமானாலும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். நோட்டின் அந்தப் பக்கங்களைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலும் படியெடுத்து ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வோர் ஆணியும் எங்கே இருக்கிறது, எந்த ஆணிக்கு எது எவ்வளவு தூரம், அளந்த நேரம், அப்போதைய வெப்பம் எல்லாம் அதில் உண்டு. மறுகாலின் கீழ்த்தளத்தை அடுத்த பிசான அறுப்பு முடிந்து குளம் வற்றியதும் திரும்ப அளக்க வேண்டும். அதற்குக் கேமரா பிடிக்கப் போகிறவர்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நாங்கள் போவோம்.